பளபளப்பான மீன், பக்கத்தில் வறுத்த காய்கறி: கிளேஸ் கருகாமல் செய்யும் வழி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோயா சாஸும் தேனும் கலந்து மீன் துண்டுகளில் தடவி, சுற்றிலும் காய்கறியைப் பரப்பி ஓவனில் வைத்தால், சாஸ் ட்ரேயில் கருகி ஒட்டிக்கொள்கிறது. மீனின் மேல் மட்டும் பளபளப்பே இல்லை. காய்கறியில் பாதி வேகவில்லை, பாதி நீர்விட்டுத் துவண்டு கிடக்கிறது. படத்தில் பார்ப்பதுபோல் மினுமினுவென்று வீட்டில் வராதா?

வரும். நீங்கள் எடுத்த பொருட்களில் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளியதில்தான் சிக்கல். உருளைக்கிழங்கும் கேரட்டும் வறுபட 35 முதல் 40 நிமிடம் ஆகும். மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். மீனுக்குப் பளபளப்பு தரும் சாஸ் பூச்சுக்கு, அதாவது கிளேஸுக்கு, ஓவனுக்குள் வேலை நாலைந்து நிமிடம்தான். இந்த மூன்றும் ஒன்றாக முடிய வேண்டுமானால் வேறு வேறு நேரத்தில் தொடங்க வேண்டும். காய்கறி முதலில், மீன் பிறகு, கிளேஸ் கடைசியில். கிளேஸை ஊறவைக்கும் மசாலாவாக நினைக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏன் ஒரே சாஸ் ட்ரேயில் கருகுகிறது, மீனின் மேல் மட்டும் தண்ணீராக ஓடுகிறது என்று பார்ப்போம். ட்ரேயில் வழிந்த சாஸ் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அதிலிருக்கும் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆவியாகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை அந்தப் படலத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் போனதும் கிடுகிடுவென்று ஏறும். தேனில் அதிகமாக இருக்கும் சர்க்கரை ஃப்ரக்டோஸ். அது 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைச் சர்க்கரை அந்த நிலைக்கு வர 160 டிகிரி வேண்டும். 220 டிகிரி ஓவனில், வெறும் உலோகத்தின் மேல் கிடக்கும் தேன் எத்தனை நேரம் தாங்கும்? மீனின் மேல் நடப்பது இதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏற மீனின் தசை சுருங்கி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. அந்த நீர் சாஸை நீர்க்கச் செய்து கீழே வழித்துவிடுகிறது. அதாவது நீங்கள் மீனுக்குப் பூசியது ட்ரேக்குப் போய்ச் சேர்கிறது.

அதனால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கிளேஸைத் தனியாக அடுப்பில் வற்றவைத்து, கெட்டியான பிறகே மீனுக்குக் கொண்டுபோக வேண்டும். மீன் தன் நீரை விட்டு, மேற்பரப்பு கொஞ்சம் காய்ந்த பிறகே பூச வேண்டும்.

இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன். ஒரு சின்னப் பாத்திரத்தில் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி. இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள், இஞ்சி நாலு சில்லு. காரம் பிடித்தால் காய்ந்த மிளகாய்ச் சீவல் ஒரு சிட்டிகை. நடுத்தரத் தீயில் கொதிக்கவிட்டு, ஏறக்குறைய பாதியாகும்வரை வற்றவையுங்கள். ஐந்தாறு நிமிடம் ஆகும். முதலில் குமிழிகள் சின்னதாக, வேகமாக உடையும். பதம் நெருங்கும்போது குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக, பளபளப்பாக எழும். அங்கே நிறுத்துங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி, விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடுப்பில் கொதிக்கும்போது நீர்த்துத் தெரிவது ஆறியதும் கெட்டியாகும். அடுப்பிலேயே பாகுபோல் ஆகும்வரை விட்டீர்களானால் ஆறும்போது மிட்டாயாகிவிடும். அப்படி ஆனாலும் பயமில்லை, ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் இறங்கி வரும்.

பூண்டையும் இஞ்சியையும் வடிகட்டி எடுத்துவிடுங்கள். கிளேஸில் மிதக்கும் பூண்டுத் துணுக்குகள்தான் ஓவனில் முதலில் கருகிக் கசப்பேற்றும். வாசனை ஏற்கெனவே சாஸில் இறங்கிவிட்டது, துணுக்குக்கு இனி வேலையில்லை. அடுப்பை அணைத்தபின் ஒரு சிறு துண்டு வெண்ணெயைப் போட்டுச் சுழற்றினால் பளபளப்பு கூடும். கொதிக்கும்போது போட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும்.

சோளமாவு போட்டுக் கெட்டியாக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அவசரத்துக்குப் போடலாம், அரைத் தேக்கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட வேண்டும். எனக்கு அது பிடிக்காது. வற்றவைத்துக் கெட்டியான கிளேஸில் சுவையும் சேர்ந்து அடர்கிறது. மாவு போட்டதில் பிசுபிசுப்பு மட்டும்தான் கூடுகிறது, மீனின் மேல் கலங்கலான ஆடைபோல் நிற்கும்.

உப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சமையலில் பலர் கவனிக்காத இடம் அதுதான். வழக்கமான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பாகக் கணக்குப் பார்த்தால் 2 கிராமுக்கு மேல். நாம் இரண்டு கரண்டி ஊற்றுகிறோம், ஆக ஒருவருக்கு 2 கிராமுக்கு மேல் வருகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வற்றவைக்கும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். எனவே கொதிக்கும்முன் சுவைபார்த்து "உப்பு போதவில்லையே" என்று சேர்க்காதீர்கள். மீனுக்கும் தனியாக உப்பு வேண்டாம். உப்புக் குறைத்த சோயா சாஸ் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல்.

இனி மீன். எந்த மீன் என்பதைவிட எவ்வளவு தடிமன் என்பது முக்கியம். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு இதற்கு அமைந்தாற்போல் இருக்கும், ஒருவருக்கு 150 முதல் 180 கிராம். மேல்புறம் நிறம் ஏறுவதற்குள் உள்புறம் காய்ந்துபோகாத அளவு அதற்குச் சதைப்பிடிப்பு உண்டு. கொழுப்புள்ள மீன்கள் தவறை மன்னிக்கும். சால்மன், கானாங்கெளுத்தி போன்றவை ஒன்றிரண்டு நிமிடம் கூடினாலும் சாப்பிடும்படி இருக்கும். கிளேஸின் இனிப்பையும் புளிப்பையும் அந்தக் கொழுப்பு தாங்கிக்கொள்ளும். காட், திலாப்பியா மாதிரிக் கொழுப்பு குறைந்த வெள்ளை மீன்களும் நன்றாக வரும், ஆனால் ஒரு நிமிடம் பிந்தினாலும் பஞ்சாகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய துண்டு என்றால் ஓவன் முறையை விட்டுவிடுங்கள், கீழே சொல்லும் வாணலி முறைதான் சரி. வால்பக்கத் துண்டு ஒரு முனையில் மெலிந்திருந்தால் அந்த முனையை அடியில் மடித்து வைத்தால் தடிமன் சமமாகும்.

முழு மீன் வாங்கினால் கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அழுத்திய இடம் திரும்பி எழுகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. துண்டாக வாங்கும்போது சதைக்கும் சதைக்கும் நடுவே பிளவு விட்டிருந்தால் அது பழையது, அல்லது முரட்டுத்தனமாகக் கையாண்டது. உறைந்த மீனில் தாழ்வு ஒன்றுமில்லை. முந்தின இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் போதும். காற்று உறிஞ்சிய உறையில் வந்த மீனானால் உறையைக் கிழித்துவிட்டுத்தான் உருகவைக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில், குளிரிலும் வளரக்கூடிய, கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் பாக்டீரியா மீனில் இருக்க வாய்ப்புண்டு. உறையைத் திறந்தால் அதற்கு அந்தச் சூழல் கிடைக்காது.

சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்களை வாங்கியதும் நேரே குளிரில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். மீன் ஒவ்வாமை என்று பலர் நினைத்துக்கொள்வது சில சமயம் இதுவாக இருக்கும்.

மீனைக் கழுவியதும் காகிதத் துண்டால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். இரண்டு பக்கமும், தோலும். இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் இந்தச் சாப்பாட்டில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நிற்கும், அதாவது அவிந்துகொண்டிருக்கும். சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். நேரம் இருந்தால் துடைத்த துண்டுகளை மூடாமல் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வையுங்கள், தோல் இன்னும் காயும். கடல்மீனின் கவிச்சி வாடை உங்களுக்கு ஆகாது என்றால், துடைப்பதற்குமுன் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அந்த வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமின் என்ற பொருளைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடும், காற்றில் எழாது. சில நன்னீர் மீன்களில் வரும் மண்வாடையையும் புளிப்பு குறைக்கும்.

ஆனால் அலசுவது வேறு, ஊறவைப்பது வேறு. எலுமிச்சையிலோ வினிகரிலோ அரைமணி நேரம் ஊறினால் மீன் தீயைக் காணாமலே வெளுத்து, வெந்ததுபோல் இறுகிவிடும். பிறகு அதை வேகவைத்தால் வறண்டுபோகும். பச்சை இஞ்சிச் சாறு இன்னொரு வகை. அதில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது, நெடுநேரம் ஊறினால் மீனின் மேல்சதை கொழகொழவென்று ஆகிவிடும். கிளேஸில் இஞ்சி கொதித்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

சால்மன் வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ பிதுங்கி வருமே, அது கெட்டுப்போன அடையாளமோ கொழுப்போ அல்ல, மீனின் புரதம். அதிகச் சூட்டில் தசை வேகமாகச் சுருங்கும்போது வெளியே தள்ளப்பட்டு உறைகிறது. சாப்பிடலாம், ஆனால் பளபளப்பைக் கெடுக்கும். அது உறுத்தினால் அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, மீனைப் பத்து நிமிடம் போட்டு எடுத்துத் துடையுங்கள், பெருமளவு குறையும். அப்படிச் செய்த நாளில் காய்கறிக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

காய்கறியில் நடக்கும் குளறுபடி பெரும்பாலும் இரண்டுதான்: நெருக்கமும் தேர்வும். ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அவை விடும் ஆவி வெளியேற வழியில்லாமல் ஒன்றையொன்று அவித்துவிடும். துண்டுகளுக்கு நடுவே ட்ரேயின் தரை தெரிய வேண்டும். இடம் போதவில்லை என்றால் இரண்டாவது ட்ரேயை எடுங்கள். ஒரே ட்ரேயில் எல்லாம் முடிந்துவிடும் என்று காட்டும் படங்களை நம்பாதீர்கள். பாத்திரம் ஒன்று மிச்சமாகும், சாப்பாடு கெடும். நான் எப்போதும் இரண்டு ட்ரேக் கட்சி.

தேர்வு என்று சொன்னது எது எதனோடு சேரும் என்பதை. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் எல்லாம் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினாலும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கும். பூசணி கொஞ்சம் முந்தும். குடைமிளகாயும் வெங்காயமும் 20 நிமிடம். புரோக்கோலி, பீன்ஸ் 15 முதல் 18. காளானும் சுக்கினியும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அவற்றை மற்றவற்றோடு கலந்தால் மொத்த ட்ரேயும் ஈரமாகும், போட்டே ஆக வேண்டுமென்றால் தனி ஓரத்தில் வையுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு மெதுவாக வேகும் ஒன்று, வேகமாக வேகும் ஒன்று என்று இரண்டே போதும். கேரட்டும் புரோக்கோலியும் என் விருப்பம். கேரட்டின் இனிப்பு கிளேஸோடு ஒட்டிப்போகும், புரோக்கோலியின் லேசான கசப்பு அதை வெட்டும். எல்லாமே இனிப்பான காயாக இருந்தால் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

காய்கறிக்கு எண்ணெய் கஞ்சத்தனம் வேண்டாம், அரைக் கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. கிண்ணத்தில் போட்டுக் கையால் பிரட்டினால்தான் எல்லா முகத்திலும் ஏறும். ட்ரேயில் போட்டுவிட்டு மேலே ஊற்றினால் ஏறாது. கிளேஸை மட்டும் காய்கறியின் மேல் முதலிலேயே ஊற்றாதீர்கள், அதே கருகல் கதைதான்.

இனி வரிசை. ஓவனை 220 டிகிரியில் சூடேற்றுங்கள், காய்கறி ட்ரேயையும் உள்ளேயே வைத்துச் சூடேற்றுங்கள். சூடான ட்ரேயில் கேரட் விழுந்ததும் சத்தம் கேட்க வேண்டும். 20 நிமிடம் கழித்து அதைப் புரட்டிவிட்டு புரோக்கோலியைச் சேருங்கள். இதற்குள் கிளேஸ் தயாராகி ஆறிக்கொண்டிருக்கும், மீனும் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். புரோக்கோலி போட்டு ஐந்தாறு நிமிடம் ஆனதும் இரண்டாவது ட்ரேயில் அலுமினியத் தாள் விரித்து, லேசாக எண்ணெய் தடவி, மீனைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து உள்ளே தள்ளுங்கள். மீனின் மேலும் சில சொட்டு எண்ணெய் மட்டும் தடவியிருந்தால் போதும்.

ஆறாவது நிமிடம் மீன் ட்ரேயை வெளியே எடுங்கள். மேலே ஈரம் தேங்கியிருந்தால் காகிதத்தால் ஒற்றுங்கள். இப்போது கிளேஸ். மரச்சாமானுக்கு மெருகு ஏற்றுவதுபோல் மெல்லியதாக ஒரு பூச்சு, மூன்று நிமிடம் உள்ளே, பிறகு இன்னொரு பூச்சு, இன்னும் இரண்டு நிமிடம். தடிமனாக ஒரே முறை பூசினால் வழிந்துவிடும். மெல்லிய பூச்சு சீக்கிரம் காய்ந்து அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் தரும். மேலே இன்னும் நிறம் வேண்டுமானால் இரண்டாவது பூச்சுக்குப் பிறகு மேல்சூடு கொடுக்கும் கிரில்லைப் போடலாம், ட்ரே அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், நீங்கள் கதவருகே நில்லுங்கள். ஒன்றரை நிமிடத்தில் அழகாக இருப்பது இரண்டரை நிமிடத்தில் கரி. பேக்கிங் காகிதம் விரித்திருந்தால் கிரில் வேண்டவே வேண்டாம், பெரும்பாலான காகிதங்கள் 220, 230 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்.

பூசும்போது பச்சை மீனில் பட்ட தூரிகையை மறுபடி கிளேஸ் பாத்திரத்தில் முக்கினால், மிச்சமுள்ள கிளேஸை அப்படியே மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது, ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அதைவிடப் பூசுவதற்குக் கொஞ்சம் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வது சுலபம்.

மீன் வெந்துவிட்டதா? இரண்டரை சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, கனடாவின் மீன்வளத் துறை பரப்பியது, கனடா முறை என்றே பெயர். தொடக்கத்துக்கு நல்ல கணக்கு, ஆனால் குளிரிலிருந்து எடுத்த உடனே வைத்ததா, ஓவன் உண்மையிலேயே அந்தச் சூட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி 63 டிகிரி. சால்மனை உணவகங்களில் 50, 52 டிகிரியிலேயே எடுத்துவிடுவார்கள், நடுவில் பட்டுப்போல் இருக்கும். கர்ப்பிணிகள், சிறுவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடும் வீட்டில் 63க்குக் கீழே போக வேண்டாம். வெளியே எடுத்தபின்னும் உள்சூடு மூன்று நாலு டிகிரி ஏறும் என்பதால் 59, 60இல் எடுத்து மூன்று நிமிடம் விட்டு, மீண்டும் குத்திப் பார்த்து 63ஐத் தொட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெப்பமானி இல்லாதவர்கள் மெல்லிய கம்பியை நடுவில் நுழைத்து ஐந்து வினாடி வைத்து, எடுத்துக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை, நன்றாகச் சுட்டால் வெந்துவிட்டது. கம்பி உள்ளே போகும்போது தட்டுப்படும் மெல்லிய சவ்வுகள் வேகாத மீனில் எதிர்க்கும், வெந்த மீனில் விட்டுக்கொடுக்கும். மீன்தசை நீண்ட நாராக இல்லாமல் குட்டையான அடுக்குகளாக இருக்கிறது, அடுக்குகளைப் பிடித்திருப்பது அந்தச் சவ்வு. அது கரைந்ததும்தான் முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிகிறது. தொடாமலே பிரிந்து விழுந்தால் நேரம் கடந்துவிட்டது.

ஓவன் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. தோலோடு உள்ள மீனுக்கு நான் வாணலியைத்தான் முதலில் சொல்வேன், தோல் மொறுமொறுப்பாக வருவது அதில்தான். கனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, எண்ணெய் நெளியும்போது மீனைத் தோல்பக்கம் கீழாக வையுங்கள். வைத்த உடனே தோல் சுருங்கி வளையும், தட்டைக்கரண்டியால் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டதே என்று சுரண்டினால் தோல் கிழியும், பொறுத்தால் சிவந்தபின் அதுவே விடும். ஓரத்தைப் பார்த்தால் வெளுப்பு கீழிருந்து மேலேறுவது தெரியும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும், சுமார் ஐந்தாறு நிமிடத்தில், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம் விட்டு எடுத்துத் தட்டில் வையுங்கள்.

வாணலியில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து, வற்றவைத்த கிளேஸை ஊற்றுங்கள். கொதித்ததும் மீனைச் சதைப்பக்கம் கீழாக வைத்து அரை நிமிடம், பிறகு திருப்பிக் கரண்டியால் சதையின் மேல் மட்டும் மொண்டு மொண்டு ஊற்றி எடுத்துவிடுங்கள். தோல் கிளேஸில் கிடந்தால் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மொறுமொறுப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இந்த முறையில் காய்கறியை இன்னொரு வாணலியில் முதலிலேயே முடித்துவிடலாம். கேரட்டைச் சாய்வாக விரல் கனத்துக்கு வெட்டி, மூழ்காத அளவு தண்ணீர், ஒரு சின்னத் துண்டு வெண்ணெய், ஒரு சிட்டிகைச் சர்க்கரை, உப்பு போட்டு மூடி வேகவையுங்கள். வெந்ததும் மூடியை எடுத்துத் தண்ணீரை முழுக்க வற்றவிடுங்கள். கடைசியில் வெண்ணெயும் சர்க்கரையும் கேரட்டின் சாறும் சேர்ந்து தானாகவே மினுமினுக்கும். பச்சைக் காய்கள் என்றால் மூன்று நாலு கரண்டி தண்ணீரோடு மூடி நாலு நிமிடம், பிறகு மூடியைத் திறந்து, தண்ணீர் போனதும் எண்ணெய் விட்டுப் பெருந்தீயில் புரட்டல். ஏர்ஃப்ரையரில் செய்வதானால் 190 டிகிரியில் எட்டொன்பது நிமிடம், கிளேஸ் கடைசி இரண்டு நிமிடம் மட்டும். காற்று வேகமாகச் சுழல்வதால் சர்க்கரை இன்னும் சீக்கிரம் நிறம் மாறும்.

சோயா சாஸ் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு கிளேஸ்கள் உண்டு. கடுகுப் பேஸ்ட் ஒரு கரண்டி, தேன் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து அடித்தால் வற்றவைக்காமலே கெட்டியாக நிற்கும். கடுகே எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். வெள்ளை மீனுக்கு இது சோயாவைவிடப் பொருத்தம். ஆரஞ்சுச் சாறு 120 மில்லியை 30 மில்லியாக வற்றவைத்து, வெண்ணெயும் மிளகும் சேர்ப்பது இன்னொன்று. ஜப்பானியரின் தெரியாக்கி கிளேஸில் சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சாகே (அரிசி மது), சர்க்கரை சேரும். மது சேர்க்காத வீட்டில் மிரின், சாகே இரண்டுக்கும் பதில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், தண்ணீர் போட்டால் அச்சாக அதே சுவை வராது, ஆனால் பக்கத்தில் வந்துவிடும். எதுவானாலும் இனிப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். புளிப்பில்லாத கிளேஸ் வெறும் பாகு. பரிமாறும்போது ஒரு துண்டு எலுமிச்சையும் கூட வையுங்கள், கொதியில் மங்கிப்போன புளிப்பு புதிதாகத் திரும்பும்.

ட்ரேயில் கருகிப் பிடித்ததைச் சுரண்ட வேண்டாம். வெந்நீர் ஊற்றி அரைமணி விட்டால் சர்க்கரை தானே கரைந்துவிடும், முழுக்கக் கரியானது மட்டும்தான் தேய்க்கும் வேலை வைக்கும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் மீன் காய்வதோடு, கொழுப்பு மறுபடி சூடாகும்போது எழும் வாடை வீடு முழுக்கப் பரவும். சில்லென்றே உதிர்த்து, வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துக் கலந்து சாப்பிடுவது அதைவிட எவ்வளவோ தேவலை.